எழுத்து விழாத பேச்சு

தோழர்,

இன்று சங்க அலுவலகப் பீரோவை ஒதுங்க வைத்தபோது சுக்கு வாசனை வந்தது. மைக்கைப் பிடிக்கும் முன் நீங்கள் வாயில் அடக்கிக்கொள்ளும் சுக்குமிட்டாய், டப்பாவின் அடியில் ஒட்டிக் கிடந்தது. போன மார்கழியில் உங்களைப் பறிகொடுத்த பிறகு யாரும் அதைத் தொடவில்லை. அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

ஸ்ரீவில்லிபுத்தூர் தபால் ஆபீசில் வேலை முடித்து, மாதத்தில் ஒரு சனிக்கிழமை பஸ் ஏறி ராஜபாளையம் வருவீர்கள். நம் சங்கத்தில் திரையிடுவதெல்லாம் பழைய சோவியத் படங்கள். கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் பார்த்துப் பார்த்து நம் பேச்சில் சொல்வீர்கள். லேப்டாப் என் பொறுப்பு. மில்லிலிருந்து நேரே வந்து உட்காருகிறவர்களுக்கு உங்கள் குரல்தான் படம்.

அந்தப் பருத்திப் பண்ணைப் படத்தை எப்படி மறப்பேன்? எல்லா இனத்தாரும் ஒரே வயலில், அவரவர் உடுப்பில், சிரித்த முகமாக இருந்தார்கள். வசனமெல்லாம் ரஷ்ய இன்ஜினியருக்குத்தான். நடுவில் ஓர் உஸ்பெக் பெண், மடிநிறையப் பருத்தியோடு வந்து அவரிடம் கோபமாக ஏதோ பேசினாள். கீழே எழுத்து விழவில்லை. மைக்கில் நீங்கள் சொன்னீர்கள்:

"இந்தப் பொம்பள பேசுதா. என்ன பேசுதான்னு எழுதல."

கூட்டம் சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. "செத்த நேரம் நிப்பாட்டுங்க தோழர்" என்றீர்கள் என்னிடம்.

சங்கச் செயலாளர் எழுந்துவிட்டார். "ஓட விடுங்க தோழர். எல்லாச் சனத்தையும் சமமாக் காட்டுதான். அதுல போயி குத்தம் கண்டுக்கிட்டு."

"குத்தமில்ல தோழர். பருத்தி எடுக்கிறவ முகத்த எம்புட்டுப் பெருசாக் காட்டிருக்கான்! பாத்தா எனக்கு அழுகையே வருது. பேச்சத்தான் குடுக்காம விட்டுட்டான்."

சொல்லிவிட்டு நேரே கடைசி வரிசைக்குப் போனீர்கள். ஒடிசாவிலிருந்து வந்து மில்லில் வேலை பார்க்கும் பெண்கள் அங்கே இருந்தார்கள். எல்லாப் படத்துக்கும் வருவார்கள். ஒருநாளும் வாய் திறந்ததில்லை. "நீங்க சொல்லுங்கம்மா, அவ என்ன சொல்லிருப்பா?" என்று மைக்கை நீட்டினீர்கள்.

"யாருக்கும் புரியாதே" என்றார் செயலாளர்.

"புரியலன்னாலும் கேப்போம்."

மினதி என்ற பெண் தன் மொழியில் பேசினாள். முதலில் தயங்கி, பிறகு விடாமல். துப்பட்டாவுக்குள் மறைத்திருந்த கையை வெளியே எடுத்தாள். கட்டுப் போட்டிருந்தது. பக்கத்தில் இருந்த தோழி தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னாள்: "மெஷின் மூடி ஆடுதுன்னு இவ சூப்பர்வைசர்கிட்ட சொன்னா. அவருக்கு இவ பேச்சு தெரியல. சிரிச்சுட்டுப் போயிட்டாரு. பொறவு கை மாட்டிருச்சு."

அன்று படம் முடியவே இல்லை. மறுநாள் நிர்வாகத்திடம் நியாயம் கேட்கப் போனபோது, மில் வாசலில் உங்களுக்கு முன்னால் வந்து நின்றவர் செயலாளர். "வாங்க தோழர், போவோம்" என்று மட்டும் சொன்னார். அந்த வாரமே புது மூடி போட்டார்கள். மினதியின் வைத்தியத்தையும் மில்லே ஏற்றது. கை முழுசாகக் குணமாகவில்லை. ஆனாலும் வேலையிலிருந்து அவளை விலக்க நீங்கள் விடவில்லை.

இப்போது மினதி நம் கமிட்டியில் இருக்கிறாள். தமிழும் ஓரளவு வருகிறது. கோபம் வந்தால் மட்டும் ஒடியா மொழிதான். எனக்கு அந்த மொழி இன்னும் பிடிபடவில்லை, தோழர். முன்பெல்லாம் அவள் வாய் திறந்ததுமே அர்த்தம் கேட்டு அவள் தோழியின் பக்கம் திரும்புவேன். இப்போது திரும்புவதில்லை. அவள் பேசி முடிக்கும்வரை அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.