கட்டில் காலுக்கு இரண்டு பிளாக்

மார்ச் 3, செவ்வாய்

பழைய சாமான் கடையில் அரை நாள் போயிற்று. கடைக்காரர் மூன்று ஜோடி செட்டிங் பிளாக் எடுத்துப் போட்டார். ஒரு பக்கம் ஓர் அங்குலம், ஒரு பக்கம் இரண்டு, நிறுத்தினால் மூன்று, உடம்பெல்லாம் ஓட்டை. மில்லிங் மெஷினில் சீவ வேண்டிய பொருளை மட்டமாக உட்கார வைக்க இந்த மாதிரி ஒரு ஜோடி வேண்டும். இத்தனை நாளும் கிடைத்த இரும்புத் துண்டுகளை வைத்து ஒப்பேற்றிக்கொண்டிருந்தேன்.

முதல் ஜோடி பளபளப்பு, ஆனால் விளிம்பில் பிசிறு. இரண்டாவதில் துரு. மூன்றாவதைக் கையில் வாங்கியதுமே தெரிந்துவிட்டது. மயிரிழைப் பிசகையும் காட்டும் டயல் கேஜைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். திருப்பித் திருப்பி வைத்தேன், முள் அசையவே இல்லை. "இவ்ளோ நேரம் பாத்தா அதுக்கே வெக்கம் வந்துரும் சார்" என்றார் கடைக்காரர். வாங்கிவிட்டேன்.

வீட்டில் அவள் பார்த்துவிட்டு, "ரெண்டு இரும்புக் கட்டைக்கா இந்தச் சிரிப்பு? என்னைக் கட்டிக்கிட்டப்பகூட உம்முன்னுதானே இருந்தீங்க" என்றாள். சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிற்று. கொஞ்ச நாளாகவே இப்படித்தான் இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

புது பிளாக்கில் முதல் வேலை. ஒரு பம்ப் மூடி. வைஸுக்குள் பக்கத்துக்கு ஒரு பிளாக், மேலே மூடி, இறுக்கி, ஒரு தட்டு. பிறகு பிளாக்கை விரலால் தள்ளிப் பார்க்க வேண்டும். நகர்ந்தால் மூடி சரியாக உட்காரவில்லை என்று அர்த்தம். டூல் ரூமில் சேர்ந்த முதல் வாரமே மண்டையில் ஏற்றிவிட்டார்கள். ஃபாக்டரியை மூடிவிட்டார்கள், இப்போது வீட்டு ஷெட்டில் சொந்த வேலை, பழக்கம் மட்டும் இருக்கிறது.

நகரவில்லை. இரண்டையும் துடைத்து, எண்ணெய் பூசி, துணியில் சுற்றி வைத்தேன். "குழந்தையைத் தூங்க வெச்சாச்சா?" என்று உள்ளேயிருந்து குரல்.

மார்ச் 14, சனி

டாக்டர். இதயம் பலவீனமாம். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது. இரண்டு தலையணை வைத்தும் படுத்தால் திணறுகிறாள் என்றேன். மாத்திரை எழுதிக்கொண்டே, "தலைமாட்டுப் பக்கம் கட்டிலை ஒரு நாலு விரல் தூக்கி வைங்க" என்றார்.

யார் விரல் என்று கேட்டேன். டாக்டர் என்னை ஒரு பார்வை பார்த்தார். "கோவிச்சுக்காதீங்க டாக்டர், அவருக்கு வியாதி அது" என்றாள் அவள். "சரி, மூணு அங்குலம்" என்றார்.

மூன்று அங்குலம்! என்னிடம் இருக்கிறது.

ஆட்டோவில் அவள் என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். பயமாக இருக்கிறது. எனக்குத்தான்.

மார்ச் 15, ஞாயிறு

காலையில் அவள் தம்பி வந்தான். கொத்தனார். நாலு செங்கல் கொண்டு வந்திருந்தான். "ரெண்டு ரெண்டா ஒட்டி வைங்க மாமா, அசையாது." செங்கல்லை அளந்தேன். ஒன்றுக்கொன்று இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம்! "அக்கா படுக்கப் போறாங்களா, இல்ல மெஷின்ல மாட்டப் போறீங்களா?" என்று சிரித்தான். செங்கல்லைக் கொல்லைப்புறம் போடச் சொன்னேன்.

ஷெட்டிலிருந்து பிளாக்குகளைக் கொண்டுவந்து தலைமாட்டுக் கால் இரண்டுக்கும் அடியில் நிறுத்தினேன். இடது காலுக்கு அடியில் அவள் வைத்திருந்த அட்டை கிடந்தது. மாத்திரைப் பெட்டியைக் கிழித்து மடித்தது, எத்தனையோ வருடமாக அங்கேயே இருக்கிறது. தூக்கி எறிந்தேன்.

"அதை எதுக்குங்க எடுக்கிறீங்க? ஆடும்."

"அரைச்சு மட்டமாக்கின இரும்புக்கு அடியில அட்டையா? இது மில்லிமீட்டர்ல நூத்துல ஒரு பங்குகூட பிசகாது."

"பிசகாதுப்பா சாமி" என்று கும்பிட்டுவிட்டுப் படுத்தாள்.

மார்ச் 17, செவ்வாய்

நேற்று இரவு திணறாமல் தூங்கினாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

மார்ச் 20, வெள்ளி

கட்டில் ஆடுகிறது என்கிறாள். திரும்பிப் படுத்தால் லொடக்கென்கிறதாம். பிளாக் ஆடாது என்று சொல்லிவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை பார்க்க வேண்டும். பம்ப் மூடி இன்னும் ஆறு பாக்கி.

மார்ச் 22, ஞாயிறு

விடியற்காலை. எழுந்து உட்கார்ந்திருக்கிறாள் — கட்டில் சறுக்கி — இடது கால் பிளாக்கை விட்டு இறங்கி — பிளாக் தரையில் விழுந்த சத்தம் கேட்டுத்தான் அவளுக்கு இடம் விட்டுப் படுத்திருந்த பக்கத்து அறையிலிருந்து ஓடினேன்.

இதை இங்கே மட்டும்தான் எழுத முடியும். அந்தச் சத்தம் கேட்டதும் எனக்கு முதலில் என்ன தோன்றியது? பிளாக் முனை போயிருக்குமே என்று. அவள் என்று இல்லை. அய்யோ, அவள் என்று தோன்றவில்லையே!

சுவரோரம் ஒருக்களித்துக் கிடந்தாள். "காலை அசைக்க முடியலீங்க" என்றாள். அழவில்லை. வலது இடுப்பெலும்பு.

மார்ச் 23, திங்கள்

ஆஸ்பத்திரி வராந்தா.

யோசித்து யோசித்துப் பார்க்கிறேன். பிளாக் இரண்டும் ஒரே உயரம், சரி. தரை? அந்த மூலையில் தரை பள்ளம். அதற்குத்தான் அவள் அட்டை வைத்திருந்தாள். சமமான இரண்டு பிளாக்கைப் பள்ளத்தில் ஒன்றும் மேட்டில் ஒன்றும் வைத்தால் கட்டில் ஆடாமல் என்ன செய்யும்? அதோடு எண்ணெய். துருப் பிடித்துவிடுமே என்று பூசி வைத்த எண்ணெய், துடைக்காமல் அப்படியே. செங்கல்லாயிருந்தால் சொரசொரவென்று பிடித்துக்கொண்டிருக்கும்.

பம்ப் மூடிக்குத் தள்ளிப் பார்த்தாயே. ஒரு விரல். கட்டில் காலுக்கு ஒரு விரல் வைத்துத் தள்ளிப் பார்த்தாயா?

மார்ச் 25, புதன்

ஆபரேஷன் இல்லை. இதயம் மயக்க மருந்தைத் தாங்காது என்கிறார்கள். எலும்பு கூடுகிற வரைக்கும் படுக்கைதான். "இந்த உடம்புல படுத்தே இருந்தா நெஞ்சுல சளி கட்டும். பாத்துக்கங்க" என்றார் டாக்டர். எப்படிப் பார்த்துக்கொள்வது என்று சொல்லவில்லை.

மகளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் அம்மா குறுக்கே விழுந்து, "நான்தான்டி தூக்கக் கலக்கத்துல எந்திரிச்சேன்" என்றாள். மகள் அதைக் காதில் வாங்கவில்லை. "அம்மா ஆடுதுன்னு சொன்னாங்களா இல்லையாப்பா?" சொன்னாள் என்றேன். "அப்ப அம்மா என் வீட்டுக்கு வரட்டும்."

ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது அவள் என்னைக் கூப்பிட்டு, "பிளாக்கைத் திட்டாதீங்க, பாவம்" என்றாள்.

ஏப்ரல் 2, வியாழன்

மகள் வீட்டிலும் தலைமாட்டை உயர்த்த வேண்டும். தலையணையாக அடுக்கியிருக்கிறார்கள், சரிந்து சரிந்து விழுகிறது.

அலுமினியத்தில் இரண்டு கிண்ணம் கடைகிறேன். கட்டில் கால் உள்ளே இறங்கி உட்காரக் குழி, சுற்றிலும் உயர்ந்த விளிம்பு, அடியில் டயர் ரப்பர். உயரத்தைச் சரிபார்க்க அன்றைக்கு விழுந்த அந்தப் பிளாக்கைத்தான் எடுக்க வேண்டியிருந்தது. அதன் முனை மழுங்கியிருக்கிறது. கிண்ணத்தைத் தரையில் வைத்துக் காலால் உதைத்துப் பார்த்தேன். திரும்பத் திரும்ப உதைத்தேன். நகரவில்லை.

ஏப்ரல் 5, ஞாயிறு

கிண்ணங்களை மாட்டினேன். மகள் வாசலிலேயே நின்று பார்த்தாள். நான் முழங்காலில் நின்று அவர்கள் வீட்டுத் தரையைத் தடவித் தடவிப் பார்த்ததில் அவளுக்குக் கோபம் கொஞ்சம் தணிந்தது போலிருந்தது. டீ கொடுத்தாள்.

அவள் அம்மா இளைத்துவிட்டாள். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. "ரெண்டு கிண்ணத்துக்கும் எவ்ளோ வித்தியாசம்?" என்றாள்.

"அளக்கல."

"ஒரு பொய் சொல்லக்கூட வரல உங்களுக்கு."

பேசினால் இருமல் வருகிறது. பேசாதே என்றேன். கையைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தேன். கட்டில் ஆடவில்லை.

ஏப்ரல் 9, வியாழன்

காய்ச்சல். அரை டம்ளர் பால்தான் இறங்கியதாம். இங்கேயே இருங்கப்பா என்றாள் மகள். இருக்கிறேன்.

ஏப்ரல் 13, திங்கள்

என்னைத் தெரிகிறதா என்று கேட்டேன். "இன்ஜினியர்" என்றாள்.

ஏப்ரல் 29, புதன்

காரியமெல்லாம் முடிந்து நேற்று வீட்டுக்கு வந்தேன். கிளம்பும்போது மகள் கிண்ணங்கள் இரண்டையும் துடைத்துப் பையில் வைத்துக் கொடுத்தாள். "அதுல அம்மா நல்லாத்தான் தூங்கினாங்கப்பா" என்றாள்.

கட்டில் அன்றைக்குக் கிடந்த மாதிரியே கோணலாக, ஒரு கால் பிளாக்கின் மேலும் ஒரு கால் தரையிலுமாகக் கிடந்தது. விழுந்த பிளாக்கை எடுத்ததோடு சரி, அதற்கப்புறம் அந்த அறைப் பக்கம் போகவே இல்லை. மற்ற பிளாக்கையும் எடுத்தேன். மேல்முகத்தில் கால் நின்ற இடம் வட்டமாகத் துருப் பிடித்திருக்கிறது. தேய்த்தால் போய்விடும். தேய்க்கவில்லை.

கட்டிலைத் தரையில் இறக்கி அவள் பக்கம் படுத்தேன். லொடக்கென்றது. திரும்பினால் மறுபடியும். எத்தனை வருடம் அவள் இந்த மூலையில் படுத்தாள்.

எழுந்து, பிளாக் வாங்கி வந்த அட்டைப்பெட்டியின் மூடியைக் கிழித்தேன். இரண்டாய் மடித்துக் கட்டிலின் இடது காலுக்கு அடியில் வைத்தேன், ஆடிற்று. நாலாய் மடித்து வைத்தேன். விரலால் தள்ளிப் பார்த்தேன். எவ்வளவு தடிமன் என்று அளக்கவில்லை.