அந்த அம்மா நான் இல்லை

ஆரணி,
ஆகஸ்டு 2005

அன்பு மகள் ஹேமலதாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பா, நான், உன் தங்கை பிரியா மூவரும் சுகம். உன் சுகத்தை இனிமேல் உன் கையெழுத்தில் பார்த்தால்தான் நம்புவேன். எனக்கு எழுத்துக்கூட்டிப் படிக்கத்தான் வரும் என்று உனக்குத் தெரியும், அதனால் சொல் என்னுடையது, கை பிரியாவுடையது. பத்தாவது படிக்கிற திமிரில் நான் பேசுவதையெல்லாம் புத்தகத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறாள், ஆனால் ஒரு வார்த்தையும் விடாதே என்று எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

நேற்று போனில், உன் பக்கத்தில் பூனா ஹாஸ்டல் வார்டன் இருந்ததால், ஞாயிற்றுக்கிழமை யார் தேடி வந்தாலும் வெளியே போகாதே, அந்த மெயில் எதுவும் நான் எழுதியதில்லை என்று மட்டும்தான் சொல்ல முடிந்தது. “அப்போ அது நீ இல்லியாம்மா?” என்று கேட்டாய். அப்புறம் வைத்துவிட்டாய். யாரோ இறந்துபோன சேதி கேட்டவள் குரல் மாதிரி இருந்தது. நான் இங்கே உயிரோடு இருக்கும்போது என் பெண் யாருக்காக அப்படி ஆனாள் என்று எனக்குச் சாப்பாடே இறங்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். ஆடி பிறக்கும் முன்பு பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்குப் போய் உனக்கு மெயில் போட்டோம். டியூஷனுக்கு நேரமாகிவிட்டதென்று பிரியா கிளம்பினாள், உன் போட்டோவை இன்னும் கொஞ்சம் பார்த்துவிட்டு வருகிறேன் என்று அப்பா மட்டும் இருந்தார். எழுந்து வரும்போது மெயிலை மூடிவிட்டு வாருங்கள் என்று இவள் சொல்லித்தான் போயிருக்கிறாள். அவர் மூடவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, “புடவை முடிஞ்சா பழைய பாவு நூல மொத்தமா அறுத்தா போடறோம்? தறி அச்சுல அதோட நுனிய உட்டாதானே புதுப்பாவ இழை இழையா முடிச்சுப் போட முடியும், அடுத்த தபா அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்னு உட்டேன்” என்கிறார். தறியில் அது சரிதான், பொது இடத்துக் கம்ப்யூட்டரில் நம் வீட்டுக் கதவைத் திறந்துபோட்டு வந்ததாக ஆகிவிட்டது. ஆவணி முகூர்த்தப் புடவை வேலையில் ஒரு மாதம் நாங்கள் அந்தப் பக்கமே போகவில்லை. அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்த எவனோ நம் பழைய மெயிலையெல்லாம் படித்து, அப்பாவின் முழங்கால் வலி வரைக்கும் தெரிந்துகொண்டு, நானாகி உனக்கு எழுதியிருக்கிறான். பிரியாவும் தமிழை இங்கிலீஷ் எழுத்தில்தானே அடிப்பாள், அதில் கை யாருடையது என்று எப்படித் தெரியும்?

போன ஞாயிறு போனில் நீ, “உன் மெயில படிச்சதும் பாரமே எறங்கிப்போச்சும்மா” என்றாய். எனக்கு ஒன்றும் புரியவில்லை, பிரியாதான் எனக்குத் தெரியாமல் என் பேரில் எழுதுகிறாள் என்று நினைத்து, “எம்பொண்ணு கிட்ட நானா பேச நீ யார்டீ?” என்று இவளிடம் கத்திவிட்டேன். “மெயில் பக்கம் போயே ஒரு மாசம் ஆவுதும்மா” என்று அழுதாள். அப்புறம்தான் ஓடிப்போய்த் திறந்து பார்த்து, ஒவ்வொன்றாக எனக்குப் படித்துக் காட்டினாள்.

ஹேமா, முதலில் எனக்குப் பயம் வரவில்லை, வயிறு எரிந்தது. எனக்கு எழுதினால் சாப்பிட்டேன், வேலை பரவாயில்லை, அதோடு சரி. அவனுக்கு எத்தனை எழுதியிருக்கிறாய்! உன் இந்தியைக் கேட்டு அறைத்தோழிகள் சிரிப்பதை, மத்தியானம் மாடிப்படியில் தனியாகச் சாப்பிடுவதை, குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூமில் அழுவதை. “ராத்திரி தூக்கம் வருதா கண்ணு?” என்று அவன் கேட்டிருக்கிறான். நான் ஜாதகம் வந்ததைச் சொன்னேன், எப்போது லீவு என்று கேட்டேன், இதைக் கேட்கத் தோன்றவில்லை. பெற்றவள் கேட்க வேண்டியதைக் கேட்டு, பெற்றவளுக்கு வர வேண்டியதை அவன் வாங்கிக்கொண்டான். “பிரியா சின்னப் பொண்ணு, அவகிட்ட சொல்லாதம்மா” என்றும் எழுதியிருக்கிறாய். இந்த வரியை எழுதும்போது இவள் பேனாவை அழுத்துகிற அழுத்தில் பேப்பர் கிழிந்துவிடும் போலிருக்கிறது.

பயம் அதற்கப்புறம்தான் வந்தது. அப்பா பக்கத்தில் இருப்பார், போனில் இதையெல்லாம் பேசாதே என்கிறான். எந்த கேட் வழியாக வேலைக்குப் போகிறாய் என்கிறான். போட்டோ கேட்டிருக்கிறான், நீயும் அனுப்பியிருக்கிறாய். கடைசியில், நம்ம ஊர்ப் பையன் ஒருவன் ஞாயிறு பூனா வருகிறான், அதிரசம் கொடுத்தனுப்புகிறேன், அவனோடு கோயிலுக்குப் போய்வா என்று எழுதியிருக்கிறான். நான் அதிரசம் சுட்டு எத்தனை தீபாவளி ஆகிறது, அதிலாவது உனக்குச் சந்தேகம் வர வேண்டாமா?

அப்பா போலீஸ் ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்திருக்கிறார், ஆள் இன்னும் தெரியவில்லை. பஸ் ஸ்டாண்டில் யாரைப் பார்த்தாலும் அவருக்கு அவன்தான் என்று தோன்றுகிறதாம். பிரியா பாஸ்வேர்டை மாற்றிவிட்டாள். மறந்துபோகும் என்று அப்பா அதைச் சுவரில் சாக்பீஸால் எழுதப் போனார், இவள் பிடுங்கிக்கொண்டாள். நீயும் உன்னுடையதை மாற்று. அவன் மெயிலை அழிக்காதே, போலீசுக்கு வேண்டும், பதிலும் போடாதே. வார்டனிடம் எல்லாவற்றையும் சொல். போனில் பேசாதே என்று என் பேரில் யார் எழுதினாலும் அந்த நிமிஷமே எனக்குப் போன் செய். உன்மேல் எனக்குக் கோபமில்லை, அம்மாவிடம் சொல்வதாக நினைத்துத்தானே சொன்னாய்.

இதோடு ஒரு பட்டு இழை வைத்திருக்கிறேன். நடுவில் இருப்பது என் முடிச்சு, பாவு பிணைக்கும்போது சாம்பலைத் தொட்டு விரலில் உருட்டிப் போடுவேனே, அது. தடவிப் பார், உன் விரலுக்குத் தெரியும்.

ராத்திரி தூக்கம் வருகிறதா கண்ணு? அவன் கேட்டுவிட்டான் என்பதற்காக நான் கேட்காமல் இருக்க முடியாது. அவனுக்கு எழுதிய அளவு வேண்டாம், அதில் பாதி எனக்கு எழுது.

நோய்நொடி இல்லாமல், பயம் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். ஞாயிறு ஹாஸ்டலை விட்டு இறங்காதே.

உன்னைப் பெற்ற
பரிமளா
(கையெழுத்து மட்டும் நானே போட்டது)

அக்கா, நான் சின்னப் பொண்ணு இல்லை. எனக்கும் தனியாக எழுது. – பிரியா