விருந்தாளி என்று நீ சொன்ன மனிதர்

ஏரிக்கரை,
அக்டோபர் 30

அன்புள்ள அண்ணன் மக்தாருக்கு,

தங்கை தியானே ஸலாம் சொல்லி எழுதுவது. நீயும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். "இங்கே எல்லாம் சமாதானம்" என்று அடுத்த வரியில் எழுதுவதுதான் நம் வழக்கம். அதை எழுத எனக்குக் கை வரவில்லை. மன்னித்துக்கொள். மன்னிக்காவிட்டாலும் சரி.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். அவர் மௌத்தான பிறகு மூன்று முறை பேசினோம். மூன்று முறையும் நீ அழுதாய், நான் உன்னைத் தேற்றினேன். புருஷனைப் பறிகொடுத்தவள் நான், ஆறுதல் சொன்னவளும் நானே. கடிதம் என்றால் நீ குறுக்கே அழ முடியாது. என்னோடு உப்புச் சுமக்கும் பெந்தாவின் தம்பி வரும் வாரம் ஸ்பெயினுக்குத் திரும்புகிறான். அவன் கையில் கொடுத்தனுப்புகிறேன். ஆறாம் வகுப்போடு நின்ற என் எழுத்தை நீ படித்துத்தான் ஆக வேண்டும்.

புருஷனை இழந்தவள் இருக்க வேண்டிய நாலு மாதம் பத்து நாள் இத்தாவில் இருக்கிறேன். வெளியே போவதில்லை. பாயில் உட்கார்ந்தால் வாசல் வழியாக ஏரி தெரிகிறது. பழுப்பாக இருக்கிறது. இந்த மாதத்தில் மதியக் காற்று எழும்பினால் தர்ப்பூசணியைப் பிளந்து வைத்த மாதிரி இருக்குமே, அது இல்லை. அழுக்குத் துணி அலசிய தண்ணீர் மாதிரி கிடக்கிறது.

நீ சொல்லி அனுப்பியது வந்து சேர்ந்தது. ஏரிக் கமிட்டித் தலைவர் மோர் தல்லா செவ்வாய்க்கிழமை வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு தொண்டையைக் கனைத்தார்.

"தங்கச்சி, மக்தார் போன் பண்ணியிருந்தார். பொம்பளைங்க சேர்ந்து எழுதுற புகார்ல நீ கையெழுத்துப் போட வேணாம்னு சொன்னார். நடந்தது அல்லாஹ்வோட நாட்டம். இத்தா முடிஞ்சதும் நீயும் பொண்ணும் அவர் கட்டுற வீட்டுக்கே குடிபோயிடலாமாம். விருந்தினர் விடுதி திறந்ததும் சமையல் பொறுப்பு உனக்குத்தானாம்."

என் மகள் ஆவா பக்கத்தில் இருந்தாள். பதினைந்து வயது, நாக்கு அவள் அப்பாவுடையது. "வாய்க்காலை வெட்டினது வானத்து மலக்குமாருங்களா மாமா? மஞ்சள் மெஷின்ல வந்தாங்களே, அவங்க இறக்கையை நான் பாக்கலையே" என்றாள். நான் அவளை அதட்டவில்லை.

அண்ணா, அல்லாஹ்வின் நாட்டத்தை நான் ஏற்றுக்கொள்கிறேன். உன் நாட்டத்தைத்தான் ஏற்க முடியவில்லை.

போன வருஷம் மார்ச் மாதக் கூட்டம் உனக்கு நினைவிருக்கும். நீ இல்லை, ஆனால் உன் குரல் இருந்தது. புறநகரில் தேங்கும் மழைத்தண்ணீரை வாய்க்கால் வெட்டி நம் ஏரியில் விடலாமா என்று கேட்டு நகரத்திலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். என் புருஷன் எழுந்தார். இருபத்திரண்டு வருஷம் இந்த ஏரிக்குள் நெஞ்சளவு நின்று உப்பு வெட்டியவர். அடியில் எந்த இடத்தில் பாளம் தடிப்பு, எந்த இடத்தில் சேறு என்று பாதத்தால் அறிந்தவர்.

"அங்க ஜனங்க முழங்கால் தண்ணியில கட்டிலைப் போட்டுப் படுத்திருக்காங்க. அந்தத் தண்ணி எங்கயாவது போகத்தான் வேணும், நான் இல்லைங்கல. ஆனா கடல் இருக்கிறது ஒரு மணல்மேடு தள்ளி. வாய்க்காலை அங்க கொண்டு போங்க. இதுக்குள்ள விட்டா அடியில இருக்கிற உப்பு கரையும். நிறமும் போயிடும். போனா எப்பத் திரும்பும்னு உங்கள்ல யாராவது சொல்ல முடியுமா?"

அவர் சொல்வது சரிதான் என்று நாலைந்து பேர் தலையாட்டினார்கள். அப்போது மோர் தல்லா தன் போனை மைக்குக்குப் பக்கத்தில் வைத்தார். நீ முன்பே பதிந்து அனுப்பிய குரல் பேசியது.

"தண்ணி வரட்டும். தண்ணி வந்தா அதோட ரோடு வரும், ரோடு வந்தா ஊர் வளரும். அப்புறம் இன்னொண்ணு. வீட்டுக்காரங்க பேசுற இடத்துல விருந்தாளி எதுக்கு வாயத் திறக்கணும்? சாப்பிட்டமா, கை கழுவினமான்னு இருக்கணும்."

கூட்டம் சிரித்தது. அவர் எதிர்த்துப் பேசப் போகிறார் என்று உனக்கு எப்படித் தெரியும்? நான்தான் சொன்னேன். அந்த வாரம் போனில், "இவர் எழுந்து பேசப் போறார், என்ன சொல்றார்னு பாரு" என்று பெருமையாகச் சொன்னேன். இந்தக் கடிதத்தில் உன்மேல் வருகிற கோபத்தில் பாதி என்மேலும் வருகிறது. அதற்காக உன் பாதி குறையப் போவதில்லை.

அது கேலி என்று நீ சொல்லுவாய். நம் டியோப் வீட்டாருக்கும் அவருடைய டியாரா வீட்டாருக்கும் கேலி முறை உண்டு, அதை யாரும் மனதில் வைத்துக்கொள்வதில்லை என்பாய். எனக்குத் தெரியாதா? கல்யாணத்தன்றே நீ அவரை "டேய் அவரைக்காய் தின்னி" என்று கூப்பிட்டாய். "டியோப் வீட்டுல சோத்துச் சட்டியைக் கட்டில் காலோட கட்டிட்டுத்தான் தூங்குவாங்களாமே மச்சான்?" என்று அவர் திருப்பிக் கொடுத்தார். நீங்கள் இருவரும் கட்டிப் புரண்டு சிரித்தீர்கள். அது கேலி. முகத்துக்கு முகம் பார்த்துச் சொல்வது, பதில் வாங்கிக்கொள்வது. போனில் பதிந்து அனுப்பிய குரலுக்கு அவர் எப்படிப் பதில் சொல்வார்? நின்றபடியே அந்தப் போனைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். அதற்கப்புறம் எந்தக் கூட்டத்திலும் அவர் முன்வரிசைக்குப் போகவில்லை. செருப்புகள் கிடக்கும் இடத்தில் உட்கார்ந்துவிட்டு வருவார்.

விருந்தாளி. நம் அப்பா எதைப் பிடித்தார் என்று உனக்கு நினைவிருக்கிறதா? மீன். அவர் சின்ன வயதில் இந்த ஏரிக்குக் கடல் பக்கம் வாய் இருந்தது, தோணிகள் போய் வந்தன. மணல் அந்த வாயை அடைத்தது. பிறகு மழை பொய்த்த வருஷங்கள் வந்தன. மீன்கள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு கரையில் ஒதுங்கியதை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். தண்ணீர் சுண்டச் சுண்ட ஏரி சிவந்தது. சைத்தான் சிறுநீர் கழித்துவிட்டான் என்று ஊரே அந்தப் பக்கம் போகாமல் இருந்தது. அடியில் கம்பு விட்டுக் குத்திப் பார்த்து இது உப்பு, இதை விற்கலாம் என்று கண்டதே அப்பா வயசுக்காரர்கள்தான். நம் பாட்டன் காலத்தில் ரோஜா நிற ஏரியே கிடையாது அண்ணா. உப்பு வந்து பல வருஷம் கழித்து என் புருஷன் மாலியிலிருந்து வந்தார். ஏரிக்குள் இறங்க இந்த ஊர் ஆண்கள் எத்தனை பேர் தயாராக இருந்தார்கள்? தோல் வெடிக்கும் என்று நீயே மூன்று மாதத்தில் ஏறிவிட்டாய். உப்பு தோலை அரிக்காமல் இருக்க உடம்பெல்லாம் கரித்தே வெண்ணெய் பூசிக்கொண்டு காலை முதல் மதியம்வரை அதற்குள் நின்றவர்கள் மாலிக்காரர்களும் கினிக்காரர்களும். கரையிலிருந்து தலைச்சுமையாகத் தூக்கி அம்பாரம் கட்டியவர்கள் நாங்கள், பெண்கள். உன் ஸ்பெயின் பயணமே அந்த அம்பாரத்திலிருந்துதான் புறப்பட்டது. இதில் யார் வீட்டுக்காரர், யார் விருந்தாளி?

நடந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். "வெள்ளத்தில் போயிட்டார்" என்று மட்டும் சொல்லியிருப்பார்கள். நான் சொல்கிறேன், கேள்.

ஆகஸ்டில் இரண்டு நாள் விடாத மழை. சனிக்கிழமை காலை வாய்க்காலைத் திறந்துவிட்டார்கள். முதலில் பிளாஸ்டிக் குப்பிகள் வந்தன, அப்புறம் பழுப்புத் தண்ணீர். பகல் சாய்வதற்குள் கரையோர அம்பாரங்களின் இடுப்பைத் தொட்டுவிட்டது. எல்லோரும் ஓடினோம். பேசின், சாக்கு, கூடை, கையில் கிடைத்ததில் எல்லாம் உப்பை அள்ளி மேட்டுக்குச் சுமந்தோம். எங்கள் கண் முன்னாலேயே அம்பாரங்கள் அடியில் கரைந்து சாய்ந்தன. ஞாயிறும் அப்படியே போனது. திங்கட்கிழமை மழை விட்டது. ஏரி ஓர் ஆள் உயரத்துக்கும் மேல் ஏறியிருந்தது.

அன்று முற்பகல், கட்டறுந்து போன தோணி ஒன்றைப் பிடிக்கப் பெந்தா அதில் தாவி ஏறினாள். துடுப்பு இல்லை. காற்று அவளை நடுவுக்கு இழுத்தது. அவள் அலறினாள். இவர் வேறு தோணியில் இருந்தார். "ஏன் கத்துற, நம்ம ரெட்பா ஏரியில எவனாவது முங்கிச் செத்திருக்கானா?" என்று அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே குதித்தார்.

அவருக்கு நீச்சல் தெரியாது. இங்கே யாருக்குத் தெரியும்? எதற்குத் தெரிய வேண்டும்? கால்களை விட்டால் தண்ணீரே நம்மைத் தூக்கி மேலே போடும். பிள்ளைகளைக் கூட நாம் அப்படித்தானே விட்டு வளர்த்தோம்? இருபத்திரண்டு வருஷமும் அந்தத் தண்ணீர் அவரைத் தூக்கியது. அன்று தூக்கவில்லை. மேலே நின்றது முழுக்க மழைத்தண்ணீர்.

ஒரு தடவை மேலே வந்தார். நான் கரையில் பேசினோடு நின்றிருந்தேன், முகம் நன்றாகத் தெரிந்தது. அதில் பயம் இல்லை அண்ணா. தெரிந்த ஆள் ஒருவன் திடீரென்று கன்னத்தில் அறைந்தால் எப்படிப் பார்ப்போமோ, அப்படி ஒரு பார்வை. அவ்வளவுதான்.

பெந்தா தோணியிலேயே இருந்தாள், பிழைத்தாள். மதியத் தொழுகைக்குள் அவரைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அடிவரை போகவில்லை. மேலே மழைத்தண்ணீர், அடியில் பழைய உப்புத்தண்ணீர், இரண்டுக்கும் நடுவில் மிதந்துகொண்டிருந்தாராம். அடித்தண்ணீர் அவரை அதற்குக் கீழே விடவில்லை என்று தேடப் போனவர்கள் சொன்னார்கள். இதை நினைத்துத்தான் எனக்குத் தூக்கம் வருவதில்லை. அவருடைய ஏரி கீழே இருந்தபடி தன்னால் முடிந்தவரை அவரைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறது. மேலே வந்து நின்றதுதான் விருந்தாளி.

நாற்பதாம் நாள் துஆவுக்கு மோர் தல்லா ஒரு கூடை மீன் அனுப்பினார். ஆமாம், மீன். இப்போது ஏரியில் மீன் பிடிக்கிறார்கள். "உங்கப்பா காலத்து மீன் திரும்பி வந்திருக்கு, சந்தோஷப்படு" என்று சொல்லி அனுப்பினார். கூடையைப் பிரிக்காமலேயே ஆவா கையில் திருப்பி அனுப்பினேன். ரோடும் நீ விடுதி கட்டும் மனை வரை வந்து நின்றுவிட்டது. அதற்கு இந்தப் பக்கம் மணல்தான். அது எப்படி அத்தனை சரியாக அங்கே நின்றது என்று ஊரில் யாரும் சத்தமாகக் கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

நீ அனுப்பிய படத்தையும் ஆவா காட்டினாள். அங்கே உள்ள உப்பு ஏரிக்கு முன்னால் கம்பெனிச் சட்டையோடு நிற்கிறாய். உனக்குப் பின்னால் தண்ணீர் ரோஜா நிறம். அந்த ஏரியில் ஒருவர் கால் வைத்தாலும் அபராதம் போடுவார்கள், நான்தான் விரட்டி விடுவேன் என்று முன்பு நீ பெருமையாகச் சொன்னதும் நினைவுக்கு வந்தது. அவர்கள் ஏரிக்கு நீ காவல். நம் ஏரியை மட்டும் திறந்துவிடச் சொன்னாய்.

புகாரில் கையெழுத்துப் போட்டுவிட்டேன். முதல் பெயர் என்னுடையது. எழுதிக்கொடுத்த வாத்தியார் இறந்தவர் பெயருக்குக் கீழே "மாலி நாட்டவர்" என்று போட்டிருந்தார். அதை அடித்துவிட்டு நம் ஊர்ப் பெயரை எழுதச் சொன்னேன். "காகிதப்படி அப்படி எழுத முடியாதும்மா" என்றார். "அவர் கபர் எந்த ஊர் மண்ணுல இருக்கு வாத்தியாரே?" என்று கேட்டேன். எழுதினார்.

அந்தப் புகாரில் உன் பெயர் இல்லை. போடச் சொன்னவர்கள் உண்டு. நான் வேண்டாம் என்றேன். உனக்காக இல்லை, நம் அம்மாவுக்காக. உன் விடுதியில் சமைக்க நான் வரமாட்டேன். இந்த வீட்டுச் சுவரை அவர் கட்டினார், கூரை ஒழுகினாலும் இங்கேதான் இருப்பேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். டிசம்பர் கடைசியில் இத்தா முடிகிறது. அன்று நான் வெளியே வந்து கூட்டத்தில் உட்காருவேன், முன்வரிசையில். உன் குரலை இன்னொரு முறை அனுப்பு. இரண்டு நிமிஷம் போதும். அழாமல் பேசு. சூமானா டியாரா இந்த ஊர் ஆள், நான் சொன்னது தப்பு என்று சொல். அதே மைக்கில், அதே ஆட்கள் கேட்கட்டும். அதை அனுப்பும்வரை எனக்குப் போன் பண்ணாதே. அனுப்பினால் நீயே வா. உன் தட்டில் சோறு போட்டு, எதிரில் உட்கார்ந்து உன்னை வயிறு நிறையத் திட்டுவேன்.

இதோடு ஒரு டப்பா கரித்தே வெண்ணெய் வருகிறது. அங்கே உன் விரல் இடுக்குகள் வெடித்து ரத்தம் வருகிறது என்று நீ ஜூலையில் சொன்னாயாம். "உங்க அண்ணனுக்கு அங்க கிடைக்கிறதெல்லாம் வாசனைதான், பசை இல்லை" என்று சொல்லி அவரே சந்தைக்குப் போய் வாங்கி வைத்தது. கொடுக்க எனக்கு மனமில்லை. ஆனால் உன் பெயரைச் சொல்லி வாங்கியதை நான் வைத்துக்கொள்வது சரியில்லை. படுக்கப் போகும் முன் பூசிக்கொள்.

அண்ணியிடம் ஸலாம் சொல். உன் பிள்ளைகளை அல்லாஹ் காப்பானாக. அவர்களுக்கு நீச்சல் கற்றுக்கொடு.

உன் தங்கை,
தியானே