மருமகனின் பாடு

ஆடி, செவ்வாய்க்கிழமை.

மகள் கோமதியின் ஜீவனாம்ச வழக்குக்காகப் பொன்னேரி வக்கீல் ஆபீசுக்குப் போனோம். தனக்கு வருமானமே இல்லை என்கிறான் மருமகன். "பொய்யிமா, அவனுக்கு ஏரியில பாடு இருக்குது"ன்னு போன வாரமே சின்ன வக்கீலம்மாவிடம் சொல்லியிருந்தேன். அதை வைத்து எழுதிய மனுவை இன்று படித்துக் காட்டினாள்: "கணவர் ஏரியில் பெரும்பாடு படுகிறார்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதைக் கேட்டால் ஜட்ஜ் அவனுக்கல்லவா இரக்கப்படுவார்.

டைப் அடிக்கக் காத்திருந்த செல்வி சிரித்துவிட்டாள். லைட்ஹவுஸ் குப்பத்து மீனவப் பெண். "மேடம், பாடுன்னா கஷ்டம் இல்ல. முறை வெச்சு ஏரியில வலை போடற உரிமை. இறால் சீசன்ல நல்ல வரும்படி."

வக்கீலம்மா தலையில் கை வைத்துக்கொண்டு தானும் சிரித்தாள். உடனே மாற்றி எழுதினாள். கோமதியும் சிரித்தாள். அதைப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று.

கிளம்பும்போது செல்வி, "ஆயா, அம்மா உங்கள விசாரிச்சாங்க" என்றாள்.

கோமதி கல்யாண விருந்தில், குழம்பில் மீனைத் தேடித்தான் பிடிக்கணும் என்று ஊரெல்லாம் சொன்னவள் செல்வியின் அம்மா. "கொழம்புல மீன் கெடச்சுதான்னு கேட்டாளா?" என்றேன்.

செல்விக்கு நாளைக்கு இறால் கொடுத்தனுப்பணும். சரியாக ஒரு ஆளுக்குப் போதுகிற அளவு.