அந்த ரிப்போர்ட்டில் உன் கையெழுத்து

அன்பு மகள் சிந்துவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. எல்லோரும் சுகம் என்று தொடங்க மனம் வரவில்லை, நீயாவது டெல்லியில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். எனக்குக் கன்னட எழுத்துத்தான் வரும், நான் சொல்லச் சொல்ல உன் தங்கை தர்ஷினி எழுதுகிறாள். அப்பா கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு பக்கத்தில் படுத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

நேற்று உன் அத்தை மகன் வெங்கி வந்தான். அவன் கம்பெனி சாஃப்ட்வேருக்குப் பேட்டன்ட் கேட்டால், யாரோ ஒரு மாணவன் முன்பே இதைச் செய்து வெளியிட்டுவிட்டான், இது புதிது இல்லை என்று நீ ரிப்போர்ட் அனுப்பினாயாம். "வேற வக்கீலுங்க பேப்பர பாத்துட்டு விட்டுடுவாங்க அத்தே, இவ கம்ப்யூட்டர் படிச்ச திமிர்ல சாஃப்ட்வேர் கோடுக்குள்ளயே பூந்து நோண்டுறா. சொந்தக்காரின்னு குடுத்தேன் பாருங்க" என்று கத்தினான். அந்த மாணவன் பேச்சை எடுத்துவிட்டு வேறு ரிப்போர்ட்டில் நீ கையெழுத்துப் போடாவிட்டால், நாங்கள் குடியிருக்கும் அவன் வீட்டை இந்த மாதமே காலி செய்ய வேண்டுமாம். அப்பா அழுகிறார், கட்டு நனையக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் சிந்து. ஒரு கையெழுத்துதானே, போடச் சொல்லு என்கிறார். இந்த ஜோகுபாளையத்தை விட்டு இவரை நான் எங்கே கூட்டிப்போவேன்? இன்று காலை அல்சூரில் பார்த்த வீட்டில் படி செங்குத்தாக இருக்கிறது, கண் தெரிகிற நானே சுவரைப் பிடித்துத்தான் ஏறினேன். எனக்கு வழி தெரியவில்லை.

அப்பா தூங்கிவிட்டார். போனில் பேசினால் அவர் காதில் விழும் என்றுதான் கடிதம். சாஃப்ட்வேர் வேலையை விட்டு நீ சட்டம் படிக்கப் போனபோது வீட்டில் அதிகம் திட்டியவள் நான். தெரிந்தே மறைத்தால் அப்புறம் என் பேச்சை யாரும்மா நம்புவாங்க என்று முன்பு ஒருநாள் நீ கேட்டது நேற்றிலிருந்து காதிலேயே நிற்கிறது. வெங்கி எதிரில் வாயே திறக்காத தர்ஷினி, "அக்கா பொய் எழுத மாட்டா" என்றாள். பத்தாவதே தாண்டாதவ பேட்டன்ட் பேசுறா பாரு என்று சிரித்தான். ஆனாலும் அவள் நகரவில்லை.

போடாதே சிந்து. அப்பா உனக்குப் போன் செய்து கெஞ்சுவார், அப்போதும் போடாதே. அவர் எழுந்து படிக்கச் சொன்னால் முதல் பாதியைத்தான் தர்ஷினி படித்துக் காட்டுவாள். அல்சூர் வீட்டுப் படியில் ஒவ்வொரு படியாக அவர் கையைப் பிடித்து ஏற்றிக்கொள்கிறேன். முருகன் உன் பக்கம் இருக்கட்டும். ஸ்வெட்டர் போடாமல் வெளியே போகாதே. கீழே என் பெயரை மட்டும் நானே கன்னடத்தில் எழுதுகிறேன்.

உன் அம்மா,
ವನಜಾ