எண்பத்தெட்டாவது நிமிடம்

மார்ச் 11, 2024. திங்கள்

ஓப்ராத் கிளப் ஆபீஸுக்குக் கூப்பிட்டான். எங்கள் கால்பந்து கிளப் ஸ்லோகாவுக்கு இந்த வருஷம் நூறு வயது. வரலாறு புத்தகமாக வரவேண்டும், எழுத வேண்டியது நான்தானாம்.

சரியான ஆளைத்தான் பிடித்திருக்கிறான். தண்ணீர் மீட்டர் பார்க்க நான் நுழையாத வீடு இந்த பிரெஸோவ்னிக் ஊரில் கிடையாது. யார் வீட்டு அலமாரியில் எந்தப் பழைய போட்டோ தூங்குகிறது என்று எனக்குத் தெரியும். போதாததற்குப் பதினோரு வருஷம் இதே கிளப்புக்குக் கோல்கீப்பர்.

"ஊர்ல வேற ஆளே இல்லையா?" என்று ஒரு பேச்சுக்குக் கேட்டேன்.

"இருக்காங்க. நீதான் எழுதணும். தொண்ணூத்தேழு வரும்போது என்ன எழுதுறேன்னு நான் பாக்கணும்."

சிரிக்காமல் சொன்னான். அந்த வருஷம் எங்கள் கேப்டன் அவன். இப்போது கிளப் தலைவர்.

மார்ச் 29. வெள்ளி

1924 முடிந்தது. ஆறு ரயில்வே தொழிலாளிகளும் ஒரு மருந்துக்கடைக்காரரும் சேர்ந்து தொடங்கிய கிளப். பந்து மருந்துக்கடைக்காரருடையது. அதனால் எங்கே நிற்பது என்பதை அவரே முடிவுசெய்துகொண்டு கோலில் நின்றார். முதல் ஆட்டம் 0–9. நல்ல தொடக்கம். இனிமேல் ஏறுமுகம்தானே!

ஏப்ரல் 17. புதன்

1993-ஐ ஒரே மூச்சில் எழுதினேன். பெட்ரோல் கிடைக்காத வருஷம். வெளியூர் ஆட்டங்களுக்கு டிராக்டர் டிரெய்லரில் போனோம், மேலே கம்பளி போர்த்திக்கொண்டு. இங்கே மைதானத்தில் நுழைவுச் சீட்டுக்குப் பதில் இரண்டு முட்டை, இல்லையென்றால் ஒரு கட்டை விறகு. அந்த நவம்பரில் 3–2 ஜெயித்தோம், நான் ஒரு பெனால்டியைப் பிடித்தேன். அதற்கு முக்கால் பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். குறைக்க மாட்டேன்.

மே 22. புதன்

தட்டச்சு செய்கிற பெண் தம்யானா போன் செய்தாள்.

"மாமா, நீங்க பெனால்டி பிடிச்சதுக்கு முக்கால் பக்கம். தொண்ணூத்தேழுக்கு ஒரே ஒரு வரியா? 'ஜூனில் கடைசி ஆட்டத்தில் 0–1 என்று தோற்றோம்.' அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் நடந்துச்சு."

"எங்க அப்பா வேற மாதிரி சொல்லுவாரே."

அவள் அப்பா மட்டுமா? ஊரே சொல்கிறது. அன்றைக்குச் சமன் செய்தால் போதும், ஸ்லோகா முதல்முறையாக நாட்டின் முதல் பிரிவுக்கு ஏறியிருக்கும். எண்பத்தெட்டாவது நிமிடத்தில், ஒரு குழந்தை உருட்டிவிட்டதுபோல் வந்தது பந்து. என் கைக்குள் வந்து, கையிலிருந்து நழுவி, காலிடுக்கில் புகுந்து உள்ளே போனது. வூகோமன், அதாவது நான், ஆட்டத்தை விற்றுவிட்டேன் என்றார்கள். கேப்டனுக்குத் தெரியாமல் கோல்கீப்பர் விற்பானா என்றார்கள். மாமனார் கொடுத்த என் சிவப்புக் காரைக்கூடச் சாட்சி ஆக்கினார்கள்.

நான் ஒருநாளும் இல்லை என்று சொன்னதில்லை.

மே 23. வியாழன்

என் மனைவி ஸோர்கா அந்த ஒற்றை வரியைப் படித்துவிட்டாள். முடிவெட்டும் கத்தரிக்கோலை மேசையில் வைத்த வேகத்திலேயே தெரிந்தது.

"ஏய்யா, அந்த விரலுக்கு பிளாஸ்திரி சுத்தினது நான். இந்தக் கையால. ஆட்டத்தன்னைக்குக் காலையில கார் டிக்கி நசுக்கி வலது கையில ரெண்டு விரல் கத்திரிக்கா மாதிரி வீங்கியிருந்துச்சு. 'டாக்டர்கிட்ட போ'ன்னேன். 'போனா எனக்குப் பதிலா ரெண்டாவது கோல்கீப்பர் ஸ்ரேதனை இறக்கிடுவாங்க'ன்ன. இருபத்தேழு வருஷமா என் கடையில வந்து ஒக்காந்து, கண்ணாடி வழியா என்னைப் பாத்துக் கிசுகிசுக்கிறாளுங்க. நீ வாயத் தொறந்தியா?"

திறக்கவில்லை. ஏன்?

நேர்மையாக எழுதிப் பார்க்கிறேன், இந்த நோட்டில் எவன் பார்க்கப் போகிறான். விற்றவன் என்றால் அதில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது. "வூகோ நெனச்சிருந்தா கண்ண மூடிக்கிட்டே பிடிச்சிருப்பான்" என்று என்னைத் திட்டுகிறவனே சொல்லுவான். அது எனக்குப் பிடித்திருந்தது. பிடிக்க முடியாமல் விட்டவன் என்றால்? — அதுதான் தாங்காது. திருடன் என்ற பெயரைக்கூடச் சுமந்துகொண்டேன், சொத்தைக் கோல்கீப்பர் என்ற பெயரைச் சுமக்க முடியவில்லை.

சீ, என்ன மனுஷன் நான்.

ஆனால் ஓப்ராத்? அவன் என்ன பாவம் செய்தான்?

ஜூன் 8. சனி

சொல்லிவிட்டேன். காலையில், ஓப்ராத் வீட்டு முற்றத்தில், காபி வைத்த கையோடு.

முழுக்கக் கேட்டான். பிறகு நிதானமாக ஒவ்வொன்றாகக் கேட்டான்.

"ஸ்ரேதன் பெஞ்சுலதான இருந்தான்?"

"ஆமா."

"நல்ல கையோட?"

"ஆமா."

"அவன் பிடிச்சிருப்பானா?"

"பிடிச்சிருப்பான்டா."

காபியில் சர்க்கரை கரைந்து எவ்வளவோ நேரம் ஆகியும் கலக்கிக்கொண்டே இருந்தான்.

"அன்னைக்குப் பெல்கிரேடு கிளப்புலேர்ந்து என் ஆட்டத்தைப் பாத்து எடுக்க வந்திருந்தான் ஒருத்தன். அதுக்கப்புறம் போனே வரல. அது போகட்டும். எங்கப்பா சாகுற வரைக்கும் ஞாயித்துக்கிழமை சூப்பு முன்னாடி ஒக்காந்து, 'எவ்வளவுக்குடா வித்தீங்க?'ன்னு கேப்பாரு. இல்லப்பான்னு சொல்லுவேன். சிரிப்பாரு. அந்தச் சிரிப்பை நீ பாத்ததில்ல."

"ஓப்ராத்—"

"நான் உன்னைத்தான் திருடன்னு நெனச்சேன். திருடனோட சேந்து கெட்ட பேர் வாங்கிட்டேன்னு. இப்ப பாத்தா அதுவுமில்ல. வெறும் வீம்பு!" எழுந்தான். "எழுது. ஒரு வரி இல்ல. முழுசா எழுது."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டான்.

ஜூன் 9. ஞாயிறு

ஒன்பது பக்கம். ஒரு வார்த்தைகூட அடிக்கவில்லை. இந்தப் புத்தகத்தில் நான் எழுதியதிலேயே சிறந்த பக்கங்கள் இவைதான். பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, கொஞ்சம் பெருமைக்கும்தான்.

ஜூன் 20. வியாழன்

புத்தகத்தில் படித்து அவன் தெரிந்துகொள்ளக் கூடாது என்று ஸ்ரேதனின் பேக்கரிக்குப் போனேன். முழங்கை வரை மாவு. நான் தொடங்கியதுமே வெட்டினான்.

"தெரியும்டா."

"என்ன தெரியும்?"

"ஆட்டத்துக்கு முன்னாடி பயிற்சியில எல்லாப் பந்தையும் எடது கையாலயே தள்ளுன. குருடனுக்கும் தெரிஞ்சிருக்கும்."

"கோச்சுகிட்ட சொல்லியிருக்கலாமே!"

"சொன்னா, என்னை இறக்குங்கன்னு நானே கெஞ்சுன மாதிரி ஆயிருமேடா." வெட்கமாகச் சிரித்தான். ஆக, அன்று மைதானத்தில் வீம்பு பிடித்தவன் நான் ஒருவன் மட்டுமில்லை.

கிளம்பும்போது, "டேய், பிடி!" என்று சுடச்சுட, இறைச்சி அடைத்துச் சுட்ட ஒரு புரெக் பொட்டலத்தை எறிந்தான். பிடித்துவிட்டேன். வலது கையால்.

செப்டம்பர் 14. சனி

நூற்றாண்டு விழா. பள்ளி அரங்கில் இடமில்லாமல் ஜன்னலில் எல்லாம் ஆட்கள். எந்தப் பக்கத்தை வாசிக்கப் போகிறேன் என்று யாரிடமும் சொல்லவில்லை. மேடையேறி 1997-ஐத் திறந்தேன். குரல் நடுங்கும் என்று ஸோர்கா பயந்தாள். நடுங்கவில்லை.

முடித்ததும் பின்வரிசையிலிருந்து எவனோ, "அப்ப கையில வெண்ணெய்தானா? எங்கப்பன் இதுக்காகக் கேப்டன் வீட்டு ஜன்னலை ஒடைச்சானேய்யா!" என்று கத்தினான். அரங்கமே சிரித்தது. நானும் சிரித்தேன். இருபத்தேழு வருஷம் பயந்தது இந்தச் சிரிப்புக்குத்தானா? வாங்கிக்கொண்டேன். என் அளவுக்குத் தைத்த சட்டைபோல் சரியாகவே பொருந்தியது.

ஓப்ராத் முன்வரிசையில் இருந்தான். சிரிக்கவில்லை. ஒரு பிரதி எடுத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டு பேசாமல் போய்விட்டான்.

அக்டோபர் 25. வெள்ளி

புத்தகம் விற்றுத் தீர்ந்தது. இரண்டாவது பதிப்பு. ஸோர்கா கடைக் கண்ணாடிக்குப் பக்கத்திலேயே ஒன்றை வைத்திருக்கிறாள், 1997-இல் திறந்தபடி.

ஓப்ராத் இன்னும் பேசவில்லை. பேசுவான். எனக்கு அவனைத் தெரியும்.

நவம்பர் 2. சனி

இறந்தவர்களுக்கான சனிக்கிழமை. காலை ஏழு மணிக்கே வாசலில் ஹார்ன். ஓப்ராத்.

"கோட்டு போட்டுக்க. புத்தகத்தை எடுத்துக்க."

நேராகக் கல்லறைக்கு ஓட்டினான். கல்லறைத் தோட்டம் முழுக்க மெழுகுவத்தி வெளிச்சம், தட்டுகளில் சமைத்த கோதுமை, ரொட்டி. அவன் அப்பாவின் கல்லுக்கு முன்னால் நின்றோம். மெழுகுவத்தி ஏற்றினான். கொஞ்சம் பிளம் சாராயத்தை மண்ணில் ஊற்றினான், மீதியை என்னிடம் நீட்டினான். குடித்தேன்.

"நான் சொன்னா நம்ப மாட்டாரு," என்றான். "நீ படி."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு தொடங்கினேன். நாலாவது வரியில் என் தோளைத் தட்டினான்.

"சத்தமாப் படிடா. அவருக்குக் காது மந்தம்."

பக்கத்துக் கல்லறைகளில் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். நான் முதல் வரிக்குப் போய், மறுபடி தொடங்கினேன்.