வண்டு பொறித்த பை

ஜூன் 2

அன்புள்ள கிரேன்காரருக்கு,

சாவி ஒன்றா, இரண்டா என்று பூட்டுக்காரர் கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. வாசல் பூட்டு இறுகிப்போய், திறக்க இரண்டு கையாலும் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. புதிதாகப் போட்டுவிடலாம் என்றார். இருபத்தைந்தாம் தேதி வரச் சொல்லியிருக்கிறேன். எத்தனை சாவி என்று அன்றைக்குச் சொல்கிறேன் என்றேன். "வீட்ல எத்தனை பேருன்னு தெரியாதா மேடம்?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

சண்டை வரக்கூடிய விஷயம் கடிதத்தில், மற்றதெல்லாம் போனில் என்பது நீங்கள் போட்ட சட்டம். அதனால்தான் நேற்று போனில் மோட்டார் ரிப்பேரைப் பற்றி மட்டும் பேசினேன். இது கடிதத்துக்குரியது.

உங்கள் சைட்டில் வேலை செய்பவர்களின் குடும்பங்களுக்கான குரூப்பில், பாதுகாப்பு வாரத்தில் எடுத்த படம் ஒன்று வந்தது. அதில் நீங்கள் இல்லை. ஓரத்தில் நிற்கும் உயரமான ஆளின் பெல்ட்டில், உங்களுக்காக நான் தோலில் செய்த போன் பை இருக்கிறது. அதே மாதிரி வேறொன்றோ என்று பெரிதாக்கிப் பார்த்தேன். மூடியில் இலைக்கொத்து. மூன்றாவது ஜோடி இலைக்குப் பக்கத்தில் வண்டு. கல்லூரியில் தாவரவியல் சொல்லிக்கொடுக்கிறவள், எதிரெதிராக வரவேண்டிய இலைகளில் ஒன்றைக் கீழே இறக்கி வெட்டிவிட்டேன். மானத்தைக் காப்பாற்ற அந்த இடத்தில் ஒரு வண்டை உட்கார வைத்தேன். தோலில் அப்படி ஒரு வண்டு வேறு எங்கும் இருக்காது.

"இது இடுப்புல இருக்கற வரைக்கும் நீ பக்கத்துல இருக்கற மாதிரிதான்" என்று ரயிலேறும்போது சொன்னீர்கள். அப்போதும் நான் முழுதாக நம்பவில்லை. ஆனால் ஞாபகம் வைத்திருக்கிறேன்.

பை எப்படி அவர் இடுப்புக்குப் போனது?

உங்கள்
டீச்சரம்மா


ஜூன் 8

என் டீச்சரம்மாவுக்கு,

நலம். ஒரு படத்துக்கு இத்தனை விசாரணையா? அவன் என் ரூம்காரன். நாங்கள் நெட்டை என்று கூப்பிடுவோம். போட்டோ எடுக்கிறார்கள், கொஞ்சம் கொடுங்கள் என்று கேட்டான், கொடுத்தேன். சாயங்காலமே திருப்பி வாங்கிவிட்டேன். இப்போது என் இடுப்பில்தான் இருக்கிறது. வண்டு சௌக்கியம். அன்றைக்கு நான் கிரேனில் மேலே இருந்தேன், அதனால் படத்தில் இல்லை.

பேனா மக்கர் பண்ணுகிறது, கிறுக்கலைப் பொறுத்துக்கொள். இந்த மாதமும் லீவு இல்லை என்று சொல்லிவிட்டார்கள். பூட்டுக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தாயா?

உன் கிரேன்


ஜூன் 12

ஐயா,

குரூப்பில் பழைய படங்களையும் தேடிப் பார்த்தேன். பிப்ரவரி, ஏப்ரல், மே. மூன்று படம், மூன்று மாதம், ஒரே இடுப்பு. நீங்கள் ஒன்றிலும் இல்லை. மேலே ஏறியவர் இறங்கவே இல்லையா?

உங்கள் கடிதங்களையும் எடுத்து வரிசையாக வைத்தேன். டிசம்பர் வரை நான்கு நான்கு பக்கம். ஜனவரியில் ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகு அரைப் பக்கம், சரிந்து விழுகிற எழுத்து. ஐந்து மாதமாக ஒரே மக்கர் பேனாவா? லீவு மூன்று தடவை ரத்து. மாணவி ஒருத்தி இத்தனையையும் மேசையில் பரப்பிவிட்டு "ஒண்ணுமில்ல மேடம்" என்றால், நான் நம்புவேனா?

நாற்பத்தொன்பது வயதில் ஒரு வண்டைப் பிடித்துக்கொண்டு துப்பறிகிறேன். எனக்கே வெட்கமாக இருக்கிறது. வேறு யாராவது இருந்தால் எழுதிவிடுங்கள். நான் கத்தமாட்டேன், கடிதத்தில் கத்தவும் முடியாது. இன்னொரு பொய்யைத் தபால்தலை ஒட்டி அனுப்பாதீர்கள். இருபத்தைந்துக்குள் பதில் வராவிட்டால் ஒரு சாவி போதும் என்று சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
தாவரவியல் துறை


ஜூன் 19

டீச்சரம்மா,

வேறு யாரும் இல்லை. விரல்தான் இல்லை.

டிசம்பர் கடைசியில், கிரேனின் கம்பி வடம் உருளையில் சிக்கியது. எடுத்துவிடப் போனேன். வலது கையில் ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன. கட்டைவிரல் இருக்கிறது, மடங்காது. பேனா நல்ல பேனாதான். எழுதுவது இடது கை. இந்த ஒரு பக்கத்துக்கு மூன்று நாள் ஆயிற்று.

ஆஸ்பத்திரியிலிருந்து ரூமுக்கு வந்த அன்று நீ கூப்பிட்டாய். நெட்டை எனக்கு மாட்டிவிட்ட பெல்ட்டில், பைக்குள் போன் அடிக்கிறது. வலது கையில் கட்டு. அந்த பிரஸ் பட்டன் இடது கைக்குக் கொஞ்சமும் அசையவில்லை. பெல்ட்டைக் கழற்றிப் பல்லால் இழுத்தேன். மணி அடித்து ஓய்ந்துவிட்டது. நெட்டை ஓடி வந்து திறந்து கொடுத்து, "அண்ணே, இன்னைக்காவது அண்ணிகிட்ட சொல்லிடுங்க" என்றான். "இதை நீயே வெச்சுக்கடா, என் கண்ணுல காட்டாதே" என்று கத்தினேன். அப்படித்தான் பை அவன் இடுப்புக்குப் போனது.

கிரேன் வேலையை விடுங்கள் என்று ஒரு வருஷம் சொன்னாய். "நான் அப்பவே சொன்னேன்" என்ற ஒரு வார்த்தைக்குப் பயந்துகொண்டு மறைத்தேன். முகம் பார்த்துப் பேசுகிற போன் உனக்குப் பிடிக்காதது எனக்கு வசதியாகப் போயிற்று. இப்போது ஸ்டோரில் உட்கார்ந்து போல்ட்டும் நட்டும் எடுத்துக் கொடுக்கிறேன். லீவெல்லாம் கேட்டால் கிடைக்கும். நான் கேட்கவில்லை.

ஒரு சாவி என்றால் ஒரு சாவி. உன் மேல் தப்பில்லை.

கிரேன் இல்லாத கிரேன்காரன்


ஜூன் 24

அன்புள்ள உங்களுக்கு,

காலையில் கடிதம் வந்தது. அதற்குப் பிறகு மூன்று வகுப்பு எடுத்தேன். என்ன பாடம் நடத்தினேன் என்று பிள்ளைகளைத்தான் கேட்க வேண்டும்.

பட்டனைத் திட்டாதீர்கள். அவ்வளவு உயரத்தில் போன் நழுவி விழக்கூடாது என்று, கடையில் இருந்ததிலேயே இறுக்கமானதைக் கேட்டு வாங்கி அடித்தவள் நான்.

"நான் அப்பவே சொன்னேன்" என்று சொல்லியிருப்பேன். அதில் சந்தேகமே வேண்டாம். ஒரு தடவை சொல்லியிருப்பேன். சொல்லிவிட்டு அன்றைக்கே ரயிலேறியிருப்பேன்.

ஆறு மாதமாக நீங்கள் எப்படிச் சட்டைப் பொத்தான் போடுகிறீர்கள், எந்தக் கையால் சாப்பிடுகிறீர்கள் என்பதெல்லாம் நெட்டைக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. நானோ இங்கே உட்கார்ந்து உங்கள் எழுத்தின் சரிவை அளந்துகொண்டிருந்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத இன்னும் மனம் வரவில்லை. பொய் வேண்டாம் என்று கேட்டவளே பொய் எழுதக் கூடாது.

பையைத் திருப்பிக் கேட்காதீர்கள். நெட்டையே வைத்துக்கொள்ளட்டும். சொல்லிவிடுங்கள் என்று சொன்ன ஒரே ஆள் அவர்தான்.

இதை இன்னும் ஒட்டவில்லை. சாவி விஷயம் நாளைக்குத் தெரிந்துவிடும். அதையும் எழுதிவிட்டு அனுப்புகிறேன்.

ஜூன் 25

பூட்டுக்காரர் பத்து மணிக்குப் புதுப் பூட்டோடு வந்தார்.

"முடிவு பண்ணியாச்சா மேடம்? ஒண்ணா, ரெண்டா?"

"புதுசு வேண்டாம். இதையே கழட்டிச் சரி பண்ணுங்க. ஒரு கையால திருப்ப வரணும்."

"அதுக்கு நான் கொண்டுவந்ததே நல்லாத் திரும்புமே."

"இதோட சாவி இன்னொருத்தர்கிட்ட இருக்கு."

தலையைச் சொறிந்துகொண்டார். பிறகு கழற்றிச் சுத்தம் செய்து, எண்ணெய் விட்டு மாட்டினார். அவர் தெருமுனை தாண்டியதும் வெளியே வந்து கதவைப் பூட்டினேன். வலது கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, இடது கையால் திறந்து பார்த்தேன். முதல் தடவை சாவி நழுவிப் படியில் விழுந்தது. இரண்டாம் தடவை பாதி திரும்பி நின்றது. மூன்றாம் தடவை திறந்துகொண்டது.

டீச்சரம்மா